மனைவியின் ஊரில் முதுமை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



மன்னார்த் தீவிலே எங்கள் பள்ளிமுனைக்கு வருகிறவர்களை நாங்கள் முதலில் அழைத்துச் சென்று காட்டுவது ஒரு மரத்தை. பெருக்கமரம் என்போம். அதன் அடியின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்பது வழிவழியாக வந்த பேச்சு. வந்த மரம் இங்கே வேர்விட்டு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. எவரும் அதனிடம் கடவுச்சீட்டுக் கேட்டதில்லை. மனிதனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதுவும் வயது போன காலத்தில், கையிலே ஒரு சிறு ஓய்வூதியத்துடன், மனைவியின் ஊரை நம்பி நாடு மாறி வருகிற மனிதனுக்கு அறவே இல்லை. அப்படி வந்த ஒருவரைப் பற்றியும், அவர் மூலமாக நான் கற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றியும் இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

தொல்காப்பியர் கற்பியலை முடிக்கும் இடத்தில் முதுமையைப் பற்றிச் சொல்கிறார். மக்களும் சுற்றமும் சூழ இருந்து, தலைவனும் தலைவியும் அறத்தில் பயில்வதே இல்லறத்தின் பயன் என்பது அவர் கருத்து. படிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. யாருடைய சுற்றம்? எந்த ஊர்ச் சுற்றம்? பொருள் தேடிப் பிரிகிற தலைவனுக்குப் பாலை உண்டு. காத்திருக்கிற தலைவிக்கு முல்லையும் நெய்தலும் உண்டு. நரைத்த தலையுடன், மனைவி பிறந்த கரையிலே வந்து இறங்குகிற கிழவனுக்கு எந்தத் திணை?

நான் சொல்ல வந்தவர் பாம்பனிலே பிறந்தவர். பெயர் வேண்டாம். இராமநாதபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வாகன ஓட்டுநராக இருந்தார். அவருடைய மனைவி எங்கள் ஊர்ப் பெண். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது, மன்னார்க் கரையிலிருந்து வள்ளங்களில் இராமேஸ்வரத்துக்குப் போன ஆயிரமாயிரம் பேரில் அவளும் ஒருத்தி. மண்டபம் முகாமில் பதிந்தாள். அங்கேதான் இருவரும் அறிமுகமானார்கள். கோயிலில் கலியாணம் நடந்தது. இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் இன்று திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள்.

போர் 2009இல் முடிந்தது. 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னாருக்கு ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்ட அன்று அவள் சமைக்கவில்லையாம். "என்ர அம்மாட வளவில ஒரு நாளாவது நித்திரை கொள்ளவேணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கியபோது, "சரி, போவோம். அங்கேயும் தமிழ்தானே? நமக்கு என்ன வித்தியாசம்?" என்று கேட்டு, 2024இல் வந்துவிட்டார்.

என்ன வித்தியாசம் என்பதைத்தான் அவர் பிறகு ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டார்.

முதலாவது, பாதை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் கடல். 1914இல் தொடங்கிய கப்பல் சேவையில் எங்கள் பாட்டன்மார் காலையில் ஏறி மத்தியானச் சோற்றுக்கு அக்கரையில் இருந்தார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984உடன் நின்றது. எனவே அவர் பாம்பனிலிருந்து வடக்கே சென்னைக்குப் போய், பலாலிக்கு விமானம் ஏறி, யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம் கடந்து மன்னாருக்கு வந்தார். கண்ணுக்கு எதிரே இருக்கும் ஊருக்கு நூற்றுக்கணக்கான மைல் சுற்று.

இரண்டாவது, பணம். மாதம் 18,000 இந்திய ரூபா ஓய்வூதியம். அவர்கள் வந்த ஆண்டில் ஓர் இந்திய ரூபாவுக்கு மூன்றரை இலங்கை ரூபா அளவில் கிடைத்தது. ஆக, 63,000 ரூபா. வீட்டு வாடகை இல்லை. முற்றத்தில் முருங்கை நிற்கிறது. மைத்துனன் கடலுக்குப் போனால் கறிக்கு மீன் வந்துவிடும். இரண்டு பேர் சீவிக்கலாம். ஆனால் இந்தக் கணக்கை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. 2022இல் நடந்ததை நாங்கள் மறக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா. வெளிநாட்டுப் பணம் பெற்றவன் கையில் ரூபாத்தாள் பெருகியது உண்மை. ஆனால் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டி ஓர் ஆண்டில் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, மருந்துக்கு வரிசை. நாணய மாற்று தருவதை விலைவாசி வாங்கிக்கொள்ளும். ஆகையால் நல்ல மாதத்தில் மிஞ்சுவதைக் கெட்ட மாதத்துக்கென்று ஒதுக்கிவைப்பவனே பிழைப்பான்.

அவருக்குக் கிடைப்பது அரசு ஓய்வூதியம். பிறநாட்டில் இருந்தாலும் நிற்காது. ஆனால் ஆண்டுக்கொரு தடவை தாம் உயிரோடிருப்பதாகச் சான்று அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே போய் ஒப்பம் பெற்று வருகிறார். "நான் உசிரோட இருக்கேன்னு சொல்லவே ஒரு நாள் பஸ்ஸில போக வேண்டியிருக்கு" என்று சிரிப்பார்.

இங்கே ஒரு சிறு விலகல். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற நம்மவர் பலரும் இதே எண்ணத்தோடு கணக்குப் போடுகிறார்கள். அவர்களுக்கு வேறு பொறிகள் உண்டு. பிரித்தானியாவில் 2016 ஏப்ரலில் புதிய முழு அரச ஓய்வூதியம் வாரத்துக்கு 155 பவுண் 65 பென்ஸ். அங்கேயே இருந்தவருக்கு அது 2024 ஏப்ரலில் 221 பவுண் 20 பென்ஸாக உயர்ந்தது. 2016இல் அதைப் பெறத் தொடங்கி இலங்கையில் வந்து குடியிருப்பவருக்கோ அதே 155 பவுண் 65 பென்ஸ்தான். ஆண்டு உயர்வு சில நாடுகளுக்கு மாத்திரம் போகும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. உலகெங்கும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் இவ்வாறு உறைந்த ஓய்வூதியத்தில் இருக்கிறார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2010இல் வழக்குத் தோற்றது. கனடாவின் முதியோர் ஓய்வூதியம் விலைவாசியோடு உயரும். ஆனால் 18 வயதுக்குப் பின் குறைந்தது 20 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவருக்குத்தான் அது நாட்டைவிட்டு நெடுங்காலம் வெளியே வரும். வறியவருக்கென்று மேலதிகமாகக் கொடுக்கும் தொகை ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். பொதுவாக ஒரு விதி சொல்லலாம்: உழைத்துக் கட்டிய ஓய்வூதியம் மனிதனோடு பயணம் செய்யும், இல்லாமைக்காகத் தரும் உதவி அந்த நாட்டின் எல்லையிலேயே நின்றுவிடும். குறைந்த வருமானக்காரர் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

நிற்க. நம்முடைய பாம்பன்காரரிடம் திரும்புவோம்.

பணத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று அவருக்குக் காத்திருந்தது. மனைவி இலங்கைப் பிரஜை. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பத்திரம் பெற்று வந்தாள். இங்கே கிராம அலுவலரிடம் பதிந்தாள். ஊரில் அவளுக்கு உரிமை இருக்கிறது. அவர் வெளிநாட்டவர். ஓய்வு பெற்ற வெளிநாட்டவருக்கென்று இலங்கை வகுத்த திட்டம் 15,000 டொலர் வைப்பும் மாதம் 1,500 டொலர் வரவும் கேட்டது. அவர் வந்த ஆண்டில் அவருடைய ஓய்வூதியம் டொலரில் ஏறக்குறைய 215. ஆகவே அவருக்கு உள்ள வழி, இலங்கைப் பிரஜையின் கணவர் என்ற முறையில் பெறும் வதிவிட விசாதான். காலத்துக்குக் காலம் அதைப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கூடவே மனைவி நிற்க வேண்டும்.

முதல் தடவை கொழும்புக்குப் போய்த் திரும்பிய அன்று, எங்கள் புனித லூசியா ஆலயத்து வாசலில் இருந்துகொண்டு அவர் என்னிடம் சொன்னார்: "முப்பது வருஷத்துக்கு மேல இவ எங்க நாட்டுல இப்படித்தானே நின்னுருக்கா? எனக்கு இப்பத்தான் உறைக்குது."

நேயர்களே, அந்த ஒரு வசனத்தில் ஒரு சரித்திரம் இருக்கிறது. பத்திரமின்றி இந்தியாவுக்குப் போன அகதி அங்குள்ள சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறி. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இந்தியரை மணந்தாலும் அப்படிப்பட்டவர் பதிவு மூலம் குடியுரிமை பெற வழியில்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தமும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றது. இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. 2021இல் அகதி முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று தமிழ்நாட்டரசு பெயர் மாற்றியது. பெயர் மாறியது, நிலை மாறவில்லை. தன் கணவன் நாட்டில் அவள் பிள்ளை பெற்றாள், பேரப்பிள்ளை கண்டாள். ஆனால் ஒரு நாள்கூட உரிமையோடு நிற்கவில்லை. வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தாமே ஒரு கோப்பாக மாறி மேசைக்கு மேசை போன பிறகுதான் அது அவருக்கு உறைத்தது.

இந்தக் கரைக்கு இது புதிய கதையல்ல. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிவந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் மடியில் கட்டிக்கொண்டு, தான் கண்டிராத தாயகத்துக்குப் போன கிழவர்களை எங்கள் பெரியவர்கள் இறங்குதுறையில் கண்டிருக்கிறார்கள். கணவனுக்கு ஒரு நாடு, மனைவிக்கு ஒரு நாடு என்று ஆகிப்போன குடும்பங்களும் அதில் உண்டு. துணையோடு போவதா, பிறந்த இடத்தில் இருப்பதா என்ற கேள்வியை அந்த இறங்குதுறை எத்தனையோ பேரிடம் கேட்டது.

மூன்றாவது, வீடு. நம் கரையோரங்களில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டில் போய் இருப்பது புதினமல்ல. சீதன வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை அங்கே வந்து சேருவான். அந்த வகையில் பார்த்தால், அவர் செய்தது நம்முடைய பழைய வழக்கம்தான். முப்பது வருடம் பிந்திச் செய்தார், அவ்வளவே. ஆனால் சட்டம் வழக்கத்தைப் போல எளிமையானதல்ல.

2014ஆம் ஆண்டின் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. மனைவி ஆசைப்பட்டால் வளவைக் கணவன் பெயருக்கு எழுதலாமா என்பதை விசாரித்தே அறிய வேண்டும். வாரிசுரிமையால் வருவதற்கு விலக்கு உண்டு. அந்த வாரிசுரிமையை எந்தச் சட்டம் தீர்மானிக்கிறது? வடக்கில் எல்லாரும் தேசவழமை என்று சொல்லிவிடுவோம். தேசவழமைப்படி மனைவியின் சீதனம் பிள்ளைகளுக்குப் போகும். பிள்ளைகள் இல்லையென்றால் அவள் பிறந்த குடும்பத்துக்குப் போகும். கணவனுக்குத் தேடிய தேட்டத்தில்தான் பங்கு. ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. தேசவழமைக்கு உட்படாத ஆணை மணந்த பெண்ணை, அந்த மணவாழ்வு நிலைக்கும் வரை, தேசவழமை கட்டுப்படுத்தாது. அப்போது பொதுச் சட்டம் பேசும். 1876இன் பொதுச் சட்டம் எஞ்சியிருக்கும் துணைக்குப் பாதி என்கிறது. ஒரே வீடு, எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்துக் கிழவன் உள்ளே இருப்பதும் வெளியே நிற்பதும் தீர்மானமாகும். அதனால்தான் சொல்கிறேன், நல்ல நொத்தாரிசு ஒருவரிடம் இருவரும் சேர்ந்து போய், உயிரோடிருக்கும் போதே கேட்டுத் தெளிய வேண்டும்.

வீடு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இடப்பெயர்வில் உறுதிகளைத் தொலைத்தவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. பள்ளிமுனை கிழக்கில், 1990க்குப் பிறகு கடற்படை நிலைகொண்ட வீடுகளுக்காக அவற்றின் சொந்தக்காரர்கள் வீதியிலும் நின்றார்கள், நீதிமன்றமும் போனார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் மனத்திலிருக்கும் வீட்டை நம்பிப் பெட்டி கட்டக் கூடாது. காணிப் பதிவகத்தில் இருக்கும் வீட்டை நம்ப வேண்டும்.

நான்காவது வித்தியாசம் எந்தப் பத்திரத்திலும் இல்லாதது. ஊரில் அவருக்குப் பெயர் "இந்தியாக்காரர்". அன்போடு சொல்வார்கள், இருந்தாலும் அதுதான் பெயர். எங்கள் ஊர் நண்டு வலையில் பிழைக்கிற ஊர். அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் எங்கள் வலைகளை வாரிக்கொண்டு போகின்றன. இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. படகுகள் வருவது நிற்கவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் மனைவியின் தமையன் மகன் வெறுங்கையோடு கரையேறி வந்து, வாசலில் நின்று சொன்னான்:

"மாமா, உங்கட ஆக்கள் ராத்திரி என்ர வலையை அறுத்துக்கொண்டு போயிட்டாங்கள்."

அவர் ஒன்றும் பேசவில்லை. என்ன பேசுவது? அவர் இழுவைப் படகு வைத்திருந்தவரல்லர். வாகனம் ஓட்டியவர். ஆனால் அக்கரையில் அந்தப் படகில் கூலிக்குப் போகிறவன் அவருடைய சொந்தத் தம்பி மகன். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை என்று மனைவி சொன்னாள். மறுநாள் காலையில் வாடிக்குப் போனார். மிஞ்சிக் கிடந்த வலைத்துண்டை எடுத்தார். பாம்பன் கரையில் பிறந்த கைக்கு வலை பொத்தத் தெரியாமலா போகும்? நைலோன் நூலும் ஊசியுமாக இருந்து பொழுது சாயும் வரை பொத்தினார். மருமகன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பக்கத்தில் இருந்து மற்றத் தலைப்பைப் பிடித்தான். இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வாடியில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. "இந்தியாக்காரர்" என்ற பெயர் போகவில்லை. ஆனால் தேநீர் ஊற்றும்போது அவருடைய கோப்பையையும் எண்ணி வைக்கிறார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு, ஒரு மாலை அவர் என்னிடம் கேட்டார்: "எல்லாம் சரி. இவ எனக்கு முன்னாடி போயிட்டா, நான் இங்கே யாரு?"

நேயர்களே, நான் இன்று சொல்ல வந்ததே இந்தக் கேள்வியைத்தான். ஓய்வு பெற்றுத் துணையின் நாட்டுக்குப் போக நினைப்பவர்கள் எல்லாரும் மாதச் செலவு எவ்வளவு என்று கேட்கிறார்கள். நல்ல ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்கிறார்கள். அதுவும் வேண்டியதுதான், பெரிய வருத்தம் வந்தால் மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ அனுப்புவார்கள் என்பதை அறிந்துதான் வர வேண்டும். ஆனால் இருவரில் ஒருவர் போன மறுநாள் மற்றவர் எந்த உரிமையில் அந்த வீட்டில் விழிப்பார் என்று கேட்பவர் அரிது. அவருடைய விசா மனைவியை வைத்து நிற்பது. அவள் இல்லாத நாளில் வேறு ஆதாரத்தில் புதிதாகக் கேட்க வேண்டும். பதிவு மூலம் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. கொடுப்பது அமைச்சரின் விருப்பம். கிடைத்தால் இந்தியக் குடியுரிமையை விட வேண்டும். இந்தியா இரண்டை ஏற்பதில்லை. எழுபது வயதில் ஒருவன் பிறந்த நாட்டை எழுதிக் கொடுக்கலாமா?

மறுபக்கமும் உண்டு. அவர் முந்தினால் குடும்ப ஓய்வூதியம் அவளுக்கு வர வேண்டும். கோயிற் பதிவில் ஒரு பெயர், முகாம் அட்டையில் ஒரு பெயர், இலங்கை அடையாள அட்டையில் ஒரு பெயர் என்றிருந்தால் அது வந்து சேராது. ஓர் எழுத்துப் பிழை ஒரு கிழவியின் சோற்றைத் தடுத்துவிடும். அவர்கள் வருமுன்பே இராமநாதபுரத்தில் அந்தப் பெயர்களைச் சீராக்கிவிட்டார்கள். அவர்கள் செய்த புத்தியான காரியங்களில் அதுவே முதன்மையானது என்பேன்.

அவருடைய கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அவர் தாமாகவே ஒரு காரியம் செய்தார். பங்குத் தந்தையிடம் போய், தம் பெயரைப் பள்ளிமுனைப் பங்கில் பதிய முடியுமா, காலம் வரும்போது இங்கே சேமக்காலையில் இடம் கிடைக்குமா என்று கேட்டார். "இங்கே இருக்கிற கத்தோலிக்கருக்கு எல்லாம் உள்ள இடம்தானே?" என்று சொல்லித் தந்தை பதிவேட்டை எடுத்தார். எந்த மேசையிலும் "இன்னாருடைய கணவர்" என்றே எழுதப்பட்டவர், அந்த ஒரு புத்தகத்தில் மட்டும் தம் தகப்பன் பெயரோடு தாமாகவே எழுதப்பட்டார். அன்று வெளியே வந்தபோது அவருடைய முகத்தைப் பார்த்தேன். சேமக்காலையில் இடம் கிடைத்த மகிழ்ச்சி அல்ல அது. தனக்கென்று ஒரு வரி கிடைத்த மகிழ்ச்சி.

ஆனால் இறந்த பிறகு கிடைக்கிற இடம் உயிரோடிருக்கிறவனுக்குப் போதாது. இரு கரையிலும் ஆட்சி செய்கிறவர்கள் கடலில் எல்லைக்கோடு எங்கே என்று பேசும்போது, அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கலியாணம் செய்து நரைத்துப்போன இவர்களையும் நினைக்க வேண்டும். துணை போன பின்னும் துணையின் ஊரில் இருக்கலாம் என்ற ஒரு வரியைச் சட்டத்தில் தெளிவாக எழுதினால் எவருக்கும் குடி முழுகிப் போகாது. அதுவரை, வர நினைக்கிறவர்கள் வருவதற்கு முன் பணத்தை எண்ணுங்கள், பெயர்களைச் சரிபாருங்கள், காணியை விசாரியுங்கள், பிறகு இருவரும் எதிரெதிரே இருந்து, "நீ போனால் நான் யார்?" என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டு வாருங்கள்.